குரங்குப் பெடலும் ஒப்பாரி மெட்டும்

புதுக்கோட்டைச் சீமையின் இசையைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் குடுமியான்மலையிலேயே இறங்கிவிடுகிறார்கள். அங்கே பாறையில் ஏழு இராகங்களுக்கான சுரக் கோவைகளைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ருத்ராசாரியர் என்பவரின் சீடனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தானாம். ஏழாம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. நல்ல காரியம்தான். எங்கள் குன்றாண்டார்கோவிலிலும் குன்று இருக்கிறது, பல்லவர் காலத்துக் குடைவரை இருக்கிறது, அதன் முன்னால் சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர்போலக் கட்டிய மண்டபம் இருக்கிறது. பாட்டுக் கல்வெட்டுதான் கிடையாது. இங்கே பாடியவர்கள் கல் உடைக்கிறவர்களும் நாற்று நடுகிறவர்களும். அவர்கள் பாட்டை யாரும் எந்தப் பாறையிலும் வெட்டி வைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது 1991, 92ஆம் வருடத்துப் பாட்டுகளைப் பற்றி. எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்த காலம். எங்கள் ஒன்றியக் கலைக்குழுவில் நானும் ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மேலே படிக்க வசதியில்லாமல், மாப்பிள்ளை பார்க்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குரல் மட்டும் கொஞ்சம் சுதியோடு இருந்தது. இன்றைக்கு மேடைகளில் ‘இசை மக்களை எழுப்பியது’ என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. எழுப்புவதற்கு யாரும் அங்கே தூங்கிக் கொண்டிருக்கவில்லை. விடியக்காலை நாலு மணிக்கே எழுந்து வேலைக்குப் போகிற பெண்கள் அவர்கள். பாட்டு செய்தது வேறு சில்லறை வேலைகள். அந்தச் சில்லறை வேலைகள்தான் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் அறிவொளி வந்துதான் பாடக் கற்றார்கள் என்றில்லை. நடவு வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்கள். முளைப்பாரிக்குக் கும்மி, சடங்குக்கு நலங்கு, தொட்டிலுக்குத் தாலாட்டு, சாவுக்கு ஒப்பாரி. எங்கள் அப்பத்தா ஒப்பாரி வைத்தால் எதிர்த்தெருவில் பகையாளி வீட்டுப் பெண்களும் வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு இடம் உண்டு, எல்லை உண்டு. வயலில் பாடலாம். இழவு வீட்டுத் திண்ணைக்கு உள்ளே பாடலாம். அதே பெண் மந்தையில் நின்று, ஆண்கள் பார்க்க, மைக்கைப் பிடித்துப் பாடினால் அவளுக்கு வேறு பேர். நடவுப்பாட்டில் பண்ணைக்காரரைக் கிண்டல் செய்கிற வரிகள் நிறைய இருந்தன. வரப்பில் குடையோடு நிற்கிற அவர் காதிலும் விழும். சிரித்துக்கொள்வார். வயலோடு போகிற பாட்டு என்று அவருக்குத் தெரியும்.

அந்த எல்லையைத் தாண்டுகிற வித்தை கேரளத்திலிருந்து வந்தது. 1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980இல் கலா ஜாதா என்று பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. எழுத்தறிவு இயக்கம் அதே வழியைப் பிடித்துக்கொண்டது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் அதை இங்கே கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டையில் அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 74, பெண்களில் 51. எங்கள் கிள்ளுக்கோட்டை, உடையாளிப்பட்டிப் பக்கத்தில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கணக்கெடுப்பே தேவையில்லை. ரேஷன் கடையில் யார் பேனா பிடிக்கிறார்கள், யார் கட்டைவிரலை நீட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

மூன்று புத்தகம், இருநூறு மணி நேரம், ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர். இதுதான் திட்டம். ஆனால் வேலை முடித்து வந்து, அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தி ஏன் சிலேட்டோடு வந்து உட்கார வேண்டும்? சொற்பொழிவாளர் வந்தால் ஆண்கள் மட்டும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் குழு போனால் முதலில் தப்புப் பறையைக் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்துவோம். நெருப்பைப் பார்த்தே பிள்ளைகள் கூடும். பிள்ளையைத் தேடிக்கொண்டு அம்மா வருவாள். அம்மாவைக் காணோமென்று மாமியார் வருவார். மூன்றாவது பாட்டு முடியும்போது மந்தை நிறைந்துவிடும். நாடகம் அதற்குப் பிறகுதான். இது எங்களுக்கு யாரும் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில்லை. சாமியாடிகளும் கழைக்கூத்தாடிகளும் காலங்காலமாகச் செய்தது.

மெட்டுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வட்டாரமான பட்டுக்கோட்டையில் கல்யாணசுந்தரம் பிறந்து, விவசாய சங்கத்தில் வேலை செய்து, சினிமாவுக்குப் போய், 29 வயதில் 1959இல் இறந்துபோனார். அவருடைய பாட்டுகளின் மெட்டு எல்லோர் வாயிலும் இருந்தது. அதில் புது வார்த்தைகளைப் போட்டுக்கொள்வோம். தெம்மாங்கு, கும்மி எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை ஒப்பாரி மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினோம். கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த ஒரு பெண், போன நிலத்தைப் பார்த்து அழுகிற பாட்டு. அப்பத்தாவிடம்தான் மெட்டுக் கேட்டேன். “எந்தச் சாவுக்குடி?” என்றார். நிலத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இழுவையை எங்கே போட வேண்டும் என்று பாடிக் காட்டினார். அந்தப் பாட்டுக்கு மந்தையில் கிழவிகள் தலையில் கைவைத்து அழுதார்கள். பார்க்க வந்த பெரிய பொறுப்பாளர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. இயக்கப் பாட்டு உற்சாகமாக இருக்க வேண்டும், அழுகையை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டோம். அடுத்த ஊரில் பெண்கள் எழுந்து நின்று, அங்கே பாடினீர்களாமே, அந்த நிலத்துப் பாட்டைப் பாடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். அதற்குப் பிறகு அதை நிறுத்தவில்லை. உற்சாகம் என்பதைப் படித்தவர்கள் ஒருமாதிரியாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். நன்றாக அழுது முடித்த பெண்கள்தான் அன்றைக்கு ராத்திரியே பேர் கொடுத்தார்கள்.

சைக்கிள் கதைக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை அறிவொளி என்றால் சைக்கிள்தான். பெண்களின் நடமாட்டமும் எழுத்தறிவின் ஒரு பகுதி என்று கலெக்டர் சேர்த்துவிட்டார். சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகளை நெருக்கினார். மாவட்ட ஒருங்கிணைப்பில் இருந்த கண்ணம்மாள் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். முதலில் தொண்டர்கள் கற்றுக்கொண்டார்கள், பிறகு படிக்க வந்தவர்கள் எங்களுக்கும் சொல்லிக் கொடு என்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அப்போது வந்து பார்த்து எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாக அவர் கணக்கு. சைக்கிள் கற்கச் சொல்லிப் பெண்களை அழைக்கிற பாட்டை எழுதியவர் முத்து பாஸ்கரன் என்ற அறிவொளித் தோழர் என்பதும் அவர் குறிப்பில் உண்டு. அந்தப் பாட்டுக்குப் பிறகு மாவட்டத்தில் வேறு பாட்டே இல்லையோ என்கிற மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பாட்டு என்ன வேலை செய்தது என்று கிட்ட இருந்து பார்த்தவள் நான். தாவணி போட்ட பெண், அதைவிடச் சேலை கட்டிய பெண், சைக்கிளில் ஏறுவது எங்கள் ஊர்களில் ஒரு வேடிக்கை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது. அண்ணன், தம்பி, புருஷன் சைக்கிள்தான். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிற சைக்கிள். நடுவில் பார் கம்பி. சின்னப் பிள்ளைகள் காலைக் கம்பிக்குக் கீழே விட்டுக் குரங்குப் பெடல் போடுவார்கள், பெரியவர்களுக்கு அது முடியாது. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருக வேண்டும். டீக்கடைப் பெஞ்சிலிருந்து வருகிற பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. விழுந்தால் அடியைவிடச் சிரிப்புதான் வலிக்கும். அந்த இடத்தில்தான் நாங்கள் கூட்டமாக நின்று பாடுவோம். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடுவாள், நாங்கள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே பாடுவோம். டீக்கடைப் பேச்சு ஒன்றும் காதில் விழாது. அதோடு மிதிக்கிற காலுக்கு ஒரு தாளம் கிடைக்கும். பயத்தில் மிதிப்பதை நிறுத்துவதால்தான் விழுகிறார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் காலும் ஓடும். இதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஜல்லி உடைக்கிற பெண்கள்தான் சீக்கிரம் கற்றார்கள். சம்மட்டி தூக்கிய தோள், விழுவதற்குப் பயப்படாத உடம்பு. அந்த நாட்களில் மாவட்டத்தின் கல் குவாரிகள் பலவற்றைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கூலிக்கு, சில இடங்களில் கொத்தடிமையாகவே, கல் உடைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் குத்தகைதாரர்கள் ஆனார்கள். லாரிக்காரரிடம் லோடுக் கணக்குப் பேச வேண்டும், வங்கியில் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்றிய ஆபீசுக்குப் போய்வர வேண்டும். எழுத்தும் சைக்கிளும் அவர்களுக்கு அன்றாடத் தேவை. எங்கள் பக்கத்துப் பாறை ஒன்றில் அவர்கள் சம்மட்டி அடிக்குச் சைக்கிள் பாட்டைப் பாடிக்கொண்டு கல் உடைத்ததைக் கேட்டிருக்கிறேன். வேலைப் பாட்டை எடுத்து நாங்கள் இயக்கப் பாட்டாக்கினோம். அவர்கள் அதை எடுத்துத் திரும்பவும் வேலைப் பாட்டாக்கிக் கொண்டார்கள்.

1992 மார்ச் 8, பெண்கள் தினம். ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு, புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனார்கள். எங்கள் சைக்கிள்களை லாரியில் ஏற்றிக் கீரனூர் வழியாகக் கொண்டுபோனோம். வழியெல்லாம் பாட்டு. திரும்பி வரும்போது தொண்டை கட்டி ஒருத்திக்கும் பேச்சே வரவில்லை. யுனிசெப் ஐம்பது மொபெட் கொடுத்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான்.

இவ்வளவும் செய்தித்தாளில் வந்த பக்கம். வராத பக்கம் ஒன்று உண்டு. எங்களிடம் இரண்டு பாட்டுப் பட்டியல் இருந்தது. மேடைக்கு ஒன்று, டெம்போவுக்கு ஒன்று. கலெக்டரும் பி.டி.ஓ.வும் உட்கார்ந்திருக்கிற மேடையில் படிப்பு, சைக்கிள், சுகாதாரம், வரதட்சணை, சாராயம். நிகழ்ச்சி முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறபோது, கவிஞர் இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் ஊரூராகப் பாடிப் பரப்பிய ‘மனுசங்கடா’. சாதிக் கொடுமையை நேராகக் கேட்கிற பாட்டு. குணசேகரன் சிவகங்கைப் பக்கத்து மாரந்தைக்காரர், அதே தன்னானே மெட்டுகளைத்தான் கையில் எடுத்தார், ஆனால் அதைக் கேள்வியாகத் திருப்பிவிட்டார். அந்தப் பாட்டை மேடையில் பாடக்கூடாது என்று யாரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அரசாங்கமும் இயக்கமும் சேர்ந்து நடத்துகிற காரியத்தில் எது வரை போகலாம் என்று எங்களுக்கே ஒரு கணக்கு இருந்தது. இரண்டு தெருவும் ஒரு மந்தையில் வந்து உட்கார வேண்டும், அதற்காக இதை விட்டுவிடுவோம் என்பது அந்தக் கணக்கு. அது தந்திரமா பயமா என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வரும். பாதிக்கு மேல் பயம் என்று நான் சொல்வேன்.

தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிகழ்ச்சியின் உயிரே அதுதான். பட்டதாரிப் பையன்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள், கைதட்டல் வாங்கினார்கள். அவர்களுக்கு அடி சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர்ச் சேரியின் பெரியவர். பகலில் அதே தப்பை அவர் ஊர்ச் சாவுக்கு அடித்தாக வேண்டும். அடிக்க மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. புதுக்கோட்டைக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை, அரண்மனையில் விளக்குத் தூக்குகிற வேலையில் இருந்தவர் என்பார்கள். அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதை வைத்தே தென்னாடெங்கும் பேர் வாங்கினார். கஞ்சிராவின் உடும்புத் தோல் மேடையேறியது. தப்பின் மாட்டுத் தோல் சேரியிலேயே நின்றது. இரண்டும் செத்த மிருகத்தின் தோல்தான், இரண்டிலும் கணக்கு உண்டு. எது சுத்தம், எது தீட்டு என்று தீர்மானித்தது காது இல்லை.

எங்கள் குழுவில் சேர்கிறபோது அந்தப் பெரியவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே ஒரு பிரச்சினை ஆனது. எங்கள் தெருவில் அரைக்கால் சட்டைப் பையன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். குழுவில் எல்லோரும் எல்லோரையும் தோழர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை, பெரியப்பா என்று கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் இது தெரிந்து இரண்டு நாள் என்னோடு யாரும் பேசவில்லை. அப்பத்தா மட்டும், “ஒப்பாரிக்கு அடி போடுறவன், பெரியப்பன்னு சொன்னா என்ன கொறஞ்சுபோகுது” என்றார். அவர் சொன்னது சாதிக்கு எதிராக இல்லை, தாளத்துக்கு மரியாதையாக. அதுவே எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

உழைக்கிறவர்களின் பாட்டை இயக்கம் எடுத்துக்கொள்வதும், பாடியவர்களின் பேர் மறைந்துபோவதும் உலகத்தில் எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. நாம் வெல்வோம் என்ற பொருளில் பல மொழிகளில் பாடுகிறார்களே, அறிவொளிக் கூட்டங்களிலும் கைகோத்துப் பாடுவோமே, அந்தப் பாட்டின் ஒரு வேர் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலை வாசலில் இருக்கிறது. 1945இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். தேவாலயத்தில் பாடிய பாட்டை மறியலில் நின்று பாடினார்கள். டென்னசியின் ஹைலாண்டர் பள்ளிக்கு அது போனது. அங்கே சில்பியா ஹார்ட்டன் எடுத்துக்கொண்டார், பிறகு பாடகர் பீட் சீகர் எடுத்துக்கொண்டார், அறுபதுகளில் உரிமைப் போராட்டத்தின் பாட்டே அதுதான் என்றானது. சீகரின் பேர் எல்லோருக்கும் தெரியும். சுருட்டுச் சுற்றிய பெண்களைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

1992க்குப் பிறகு எல்லாம் மெல்லத் தளர்ந்தது. அதிகாரிகள் மாறினார்கள், நிதி நின்றது. குவாரிகள் பலவும் பெண்கள் கையிலிருந்து போயின. படித்தவர்களில் பலர் எழுத்தை மறந்தார்கள், கையெழுத்து மட்டும் நின்றது. சைக்கிள் மறக்கவில்லை. சைக்கிளை யாரும் மறப்பதில்லை. 2001க்குப் பிறகு அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் பட்டியலினப் பெண் பிள்ளைகளுக்கு, பின்னர் எல்லோருக்கும். இன்றைக்குக் கீரனூர் ரோட்டில் பள்ளி விட்டு வருகிற பெண்களுக்குப் பாட்டு ஒன்றும் தேவையில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வருத்தம் மேடையில் பாடாமல் விட்ட பாட்டைப் பற்றித்தான். 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். செய்தியைப் படித்த அன்று எங்கள் பழைய குழுவில் மிச்சமிருப்பவர்கள் போனில் கூடிப் பேசினோம். ஒருவர், நாம் அந்தப் பக்கமெல்லாம் போய்ப் பாடினோமே என்றார். பாடினோம்தான், ஆனால் எதைப் பாடினோம் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பெரியப்பாவைக் கடைசியாகப் பார்த்தது அவருக்குக் கண் தெரியாமல் போன பிறகு. அவர் மகன் திருச்சியில் வேலையில் இருந்தார், பேரன் கல்லூரியில் பறைக்குழுவில் அடித்துக்கொண்டிருந்தான், மேடைக்குப் பணம் பேசித்தான் போனான். அறிவொளிப் பாட்டுகளில் எது பெரியப்பாவுக்கு நினைவிருக்கிறது என்று கேட்டேன். சைக்கிள் பாட்டைச் சொல்வார் என்று நினைத்தேன். ஒரு பாட்டும் சரியாக ஞாபகமில்லை என்றார். பேட்டா கொடுத்தது ஞாபகமிருக்கிறதாம். பி.ஏ. படித்த பையனுக்கும் அவருக்கும் ஒரே பேட்டா, ஒரே நோட்டில் கையெழுத்து, டெம்போவில் ஒரே பலகையில் உட்காருவது. “அந்தக் காசை எண்ணிப் பாத்துட்டுத்தான் தாயி, அடுத்த சாவுக்கு வரமாட்டேன்னு சொன்னேன்” என்றார். அவர் அப்படிச் சொன்ன வருடம் ஊரில் பெரிய தகராறு நடந்தது. இரண்டு மாதம் அவர் குடும்பத்துக்கு வேலை கொடுக்கவில்லை. அவர் போகவில்லை. இப்போது எங்கள் ஊர்ச் சாவுக்கு வெளியூரிலிருந்து செட்டுக்காரர்கள் வருகிறார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு.